பழைய புத்தகம்: மடிப்பா, பெட்டியா, நோட்டா?

அலமாரியை ஒழித்ததில் காலாவதியான வரிக் கையேடுகளும் பக்கம் உதிர்ந்த ஓர் அகராதியும் மிஞ்சின. எடைக்குப் போட மனம் வரவில்லை. அக்கா மகளுக்குப் பிறந்தநாள் பரிசாக ஏதாவது செய்யலாம் என்று பார்த்ததில் மூன்று வழிகள் தெரிந்தன: பக்க ஓரங்களை மடித்து அந்த ஓரத்திலேயே அவள் பெயரை வரவைப்பது, நடுவைக் குடைந்து பெட்டியாக்குவது, அட்டையை வைத்துக்கொண்டு உள்ளே புது நோட்டுக் கட்டுவது. நான் செய்தது நோட்டு.

கண்ணுக்கு அழகு மடிப்புதான், சந்தேகமில்லை. ஆனால் ஆங்கிலப் பெரிய எழுத்து சுலபமாக வருகிற அளவுக்கு நம் சுழி எழுத்துகள் வருவதில்லை; பக்கத்தை வெட்டியும் மடிக்க வேண்டியிருக்கும். தாளும் தாங்க வேண்டும். ஒரு மூலையை முன்னும் பின்னுமாகச் சில தடவை மடித்துப் பாருங்கள். அமிலம் ஏறிப் பழுத்த மரக்கூழ்த் தாள் என்றால் மூலை கையோடு வந்துவிடும்.

பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், ஒன்றுதான் செய்திருக்கிறேன். நகை வைக்கிற அளவுக்கு அது உழைக்குமா என்று உறுதி சொல்ல முடியாது.

என்னைத் தீர்மானிக்க வைத்தது பராமரிப்பு. மடிப்புப் புத்தகம் விரிந்தபடியே நிற்கும். நூற்றுக்கணக்கான மடிப்புக்குள் தூசி இறங்கினால் ஈரத்துணியால் துடைக்க முடியாது, மென்மையான பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும். சென்னைக் காற்றின் ஈரத்தில் மடிப்பும் தளரும். யாரும் தொடாத தாளில்தான் இராமபாணப் பூச்சி நிம்மதியாகக் குடியேறும். தினமும் கை படுகிற நோட்டுக்கு அந்தக் கதி வராது.

கட்டுவதும் கஷ்டமில்லை. நான்கு ஏ4 தாளை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்தால் 16 பக்கம், ஒரு ஃபாரம். பத்து ஃபாரம் தைத்தால் 160 பக்கம். டெமி அளவு (பல தமிழ் நூல்கள் வருகிற அளவு) அட்டைக்குள் உயரம் சரியாக உட்காரும். அகலத்தில் கொஞ்சம் நீட்டும், அதை மட்டும் பைண்டரிடம் கொடுத்து வெட்டிக்கொள்ளுங்கள். முதுகுக்குக் காலிகோ என்கிற பைண்டிங் துணி. பைண்டர்கள் மைதாப் பசையில் பூச்சிக்காக மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பார்கள். அது விஷம் என்பதால் குழந்தை கையாளும் நோட்டுக்கு வெள்ளைக் கோந்தே போதும். அகராதியில் அவள் பெயர் ஒரு சொல்லாக இருந்த பக்கத்தை மட்டும் எடுத்து முன் உள்ளட்டையில் ஒட்டினேன்.

அப்புறம் ஒன்று: பழைய தமிழ்ப் பதிப்பு எதிலும் கத்தி வைக்கும் முன், அரிய தமிழ் நூல்களைச் சேர்த்துப் பாதுகாக்கிற தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.