ஹமோங் கதைத்துணி: வாங்கலாமா?

லாவோஸ் மலைகளில் வாழும் ஹமோங் மக்கள் தங்கள் கதையைப் படம் படமாகத் தைக்கும் துணி இது. மச்சான் தாய்லாந்து போனபோது சியாங் மாய் சந்தையில் 1,500 பாத்துக்கு வாங்கி வந்தது. மருதமுனைத் தறிக்காரக் குடும்பம் நாங்கள், முதலில் பின்பக்கத்தைத்தான் திருப்பிப் பார்த்தேன். முடிச்செல்லாம் ஒழுங்கு, அசல் கைத்தையல்.

மேலே மலை, விமானங்கள், துவக்கோடு சிப்பாய்கள். நடுவில் மெக்கொங் ஆறு. அதில் ஒரு தாய், முதுகில் பிள்ளை, கக்கத்தில் மிதப்பதற்கு மூங்கில். பிள்ளையின் முகம் நாலைந்து தையல்தான், ஆனால் பயம் தெரிகிறது!

லாவோஸ் போரில் அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ, கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக, ஹமோங் தளபதி வாங் பாவோ தலைமையில் ஹமோங் மக்களை ரகசியப் படையாகத் திரட்டியது. 1975இல் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்ததும் பல்லாயிரம் பேர் ஆற்றைக் கடந்து தாய்லாந்துக்கு ஓடினார்கள். இந்தக் கதைத்துணிகளே அங்குள்ள அகதி முகாம்களில் பிறந்தவைதான். வேறு சிலர் லாவோஸின் பூ பியா மலைக்காட்டில் நின்று பல பத்தாண்டுகள் அரசோடு சண்டை பிடித்தார்கள். துணியில் அவர்கள் இல்லை, கதை முகாமோடு முடிகிறது. 2009 கடைசியில் தாய்லாந்து 4,000க்கும் மேற்பட்ட ஹமோங் மக்களை லாவோஸுக்கே திருப்பி அனுப்பியதும் இல்லை. எனக்கு அதுதான் பெரிய குறை.

அப்புறம், சிவப்பு நூல் சாயம் விடுகிறது. தண்ணீரில் நனைக்க வேண்டாம், தூசி தட்டினால் போதும். விலைக்கு இந்த உழைப்பு அதிகம், தாராளமாக வாங்கலாம்.