தெங்காவிலிருந்து உயர்நிலைப் பள்ளிக்கு: மினி பஸ்ஸா, பொதுப் பேருந்தா, பக்கத்து வீட்டுக் காரா?

சிங்கப்பூரில் தொடக்கநிலை 1 சேர்க்கையின்போது வீட்டிலிருந்து பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் வருமா, இரண்டு கிலோமீட்டருக்குள்ளாவது வருமா என்று வரைபடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தவர்கள்தான் நாமெல்லாம். ஆறு ஆண்டு கழித்து உயர்நிலைப் பள்ளி தேர்ந்தெடுக்கும்போது அந்தக் கவலை எங்கே போகிறதோ தெரியவில்லை. உயர்நிலை 1 இடம் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ மதிப்பெண்ணை வைத்துக் கிடைக்கிறது. மதிப்பெண் சமமாக இருந்தால் குடியுரிமை பார்ப்பார்கள், அப்புறம் விருப்ப வரிசை, அதற்கும் பிறகு குலுக்கல். தூரம் கணக்கிலேயே இல்லை. அதனால் ஆறு விருப்பங்களை எழுதும்போது நாமும் அதை மறந்துவிடுகிறோம். டிசம்பர் மூன்றாவது வாரத்தில் பள்ளி எது என்று தெரிகிறது. ஜனவரி பிறந்ததும் வகுப்பு. "காலையில் பிள்ளை எப்படிப் போகும்?" என்ற கேள்விக்குப் பதில் தேட இரண்டு வாரம்கூட இருப்பதில்லை.

பள்ளிக்குப் போக வழி தேடுவது கிராமத்துக் கவலையாயிற்றே, சிங்கப்பூரில் கிராமம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். லிம் சூ காங் பக்கம் பண்ணைகளைத் தவிர அதிகம் இல்லைதான். ஆனால் தெங்காவில் குடியேறியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 700 ஹெக்டரில், 42,000 வீடுகளுக்குத் திட்டமிட்டு, காட்டுக்குள் நகரம் என்ற பெயரோடு எழும்பிவரும் ஊர். முதல் குடும்பங்கள் 2023இல் வந்தன, பேருந்துச் சந்திப்பு நிலையம் 2024இல் வந்தது. ஜூரோங் வட்டார ரயில்பாதையைத்தான் இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம். பிள்ளைகளில் பலர் சுவா சூ காங், புக்கிட் பாத்தோக், புக்கிட் பாஞ்சாங், ஜூரோங் என்று நாலா பக்கமும் சிதறிப் படிக்கிறார்கள். ரயில் நிலையத்தை எட்டவே முதலில் ஒரு பேருந்து பிடிக்க வேண்டிய ஊரில் பள்ளிப் பயணத்தைக் கொஞ்சம் யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

மினி பஸ்: காலையில் ராஜா

பள்ளிப் பேருந்து என்பது பெரும்பாலும் தொடக்கப்பள்ளிச் சங்கதி. அங்கே பள்ளியே ஒரு பஸ் நிறுவனத்தை ஏற்பாடு செய்துவிடும். உயர்நிலைப் பிள்ளைகள் தாங்களாகவே வந்துபோவார்கள் என்பதுதான் பொதுவான எதிர்பார்ப்பு. ஆகவே அங்கே மினி பஸ் வேண்டுமென்றால் பெற்றோர்தான் ஆள் சேர்க்க வேண்டும். ஒரே பள்ளிக்குப் போகும் ஏழெட்டுப் பிள்ளைகளை வாட்ஸ்அப் குழுவில் தேடிப் பிடித்து, பஸ்காரரிடம் பேசி, பணம் வசூலித்து, யாராவது விலகினால் அந்தத் தொகையை மற்றவர்கள் தலையில் கட்டி என்று அது தனி வேலை.

ஏற்பாடு ஆகிவிட்டால் காலை நேரத்தில் அதற்கு ஈடு கிடையாது. சிங்கப்பூரில் ஏழு மணி வாக்கில்தான் வெளிச்சம் வருகிறது. ஆறு, ஆறேகால் மணிக்கு இருட்டில் இறங்கும் பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை அடுக்குமாடி புளோக்கின் கீழே ஏறி, பள்ளி வாசலில் இறங்குகிறாள். "பொண்ணு இருட்டுல தனியாவா போகும், தம்பி?" என்று பாட்டி கேட்பதற்கு வேறு எந்த வழியிலும் இவ்வளவு திருப்தியான பதில் கிடைக்காது. பாதுகாப்பிலும் பழைய காலம் இல்லை. 2008இல் ஒரு பள்ளி மினி பஸ் விபத்தில் சிறுவன் ஒருவன் இறந்த பிறகு, பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் சிறு பஸ்களில் இருக்கைகள் முன்பக்கம் பார்த்திருக்க வேண்டும், இருக்கைவார் இருக்க வேண்டும் என்று விதி வந்தது. ஓட்டுநருக்கும் சாதாரண உரிமம் போதாது, பஸ் ஓட்டும் தொழில்முறை உரிமம் வேண்டும்.

விலைதான் கடிக்கும். தொடக்கப்பள்ளிப் பஸ்ஸுக்கே மாதம் நூறு வெள்ளிக்கு மேல் ஆகிறது, தூரம் கூடினால் இருநூறையும் தாண்டும். பெற்றோர் தனியாகப் பேசும் சின்னக் கூட்டத்துக்கு அதைவிடக் குறைவாக எதிர்பார்க்க முடியாது. பஸ்காரரைக் குறை சொல்லியும் பயனில்லை. அவர் பஸ்ஸுக்கு எடுக்கும் வாகன உரிமைச் சான்றிதழ் (சிஓஇ) லாரிகளோடு ஒரே பிரிவில் ஏலம் போகிறது, ஓட்டுநர்களுக்கும் வயதாகிக்கொண்டே வருகிறது. அந்த நெருக்கடியில்தான் தொடக்கப்பள்ளிகள் சிலவே பேருந்துச் சேவையைத் தொடர முடியாது என்று 2025இல் பெற்றோருக்கு அறிவித்தன. பள்ளியே நடத்திய சேவைக்கு அந்தக் கதி என்றால், எட்டுப் பிள்ளைகளுக்காக டிசம்பர் கடைசியில் ஒரு வண்டி பிடிப்பது எவ்வளவு சிரமம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: கல்வி அமைச்சின் நிதி உதவித் திட்டத்தில் இருக்கும் குடும்பங்களுக்குத் தொடக்கநிலையில் பள்ளிப் பேருந்துக் கட்டணத்தில் 65 விழுக்காடு கிடைக்கும். உயர்நிலையில் போக்குவரத்து உதவி பொதுப் போக்குவரத்துக்குத்தான். நீங்களாகப் பேசி வைக்கும் மினி பஸ்ஸுக்கு அந்தக் கை நீளாது.

விலையைவிடப் பெரிய சிக்கல் மாலையில் வருகிறது. தொடக்கப்பள்ளி மணி அடித்தால் பெரும்பாலான பிள்ளைகள் ஒன்றாக வெளியே வருவார்கள். உயர்நிலையில் ஒருவனுக்குத் திங்கள், புதனில் விளையாட்டு, இசை போன்ற இணைப்பாட நடவடிக்கை. இன்னொருத்திக்குச் செவ்வாய், வெள்ளி. மூன்றாமவனை ஆசிரியர் கணக்குக்காக நிறுத்தி வைத்திருப்பார். எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் வெளியேறும் நாள் வாரத்தில் ஒன்று இருந்தால் அதிர்ஷ்டம். மாதத்துக்கு ஏறக்குறைய இரண்டு நாள் வீட்டிலிருந்து கற்கும் நாள் வேறு. மாதக் கட்டணம் அந்த நாட்களைக் கழிக்காது.

அதனால் மினி பஸ் பேசுவதானால் காலைக்கு மட்டும் பேசுங்கள். பாதி விலைக்கு ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஏனென்றால் காலைதான் அவர்களுக்கும் நெருக்கடி நேரம். இருந்தாலும் முழு விலைக்குக் காலி பஸ் ஓட விடுவதற்கு அது பரவாயில்லை. ஜூன் மாத விடுமுறைக்குக் கட்டணம் உண்டா, முதலில் ஏறுபவர் எத்தனை மணிக்கு இறங்கி நிற்க வேண்டும், வண்டி பழுதானால் மாற்று வண்டி வருமா என்ற மூன்றையும் வாய்ப்பேச்சாக விடாமல் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பொதுப் பேருந்தும் ரயிலும்

காசுக் கணக்கில் இதோடு போட்டி போட எதுவும் இல்லை. மாணவர் சலுகைக் கட்டணம் 7.2 கிலோமீட்டரோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் தீவின் மறுகோடிக்கே போனாலும் ஒரு காசு கூடாது. ஒரு பயணம் ஒரு வெள்ளிக்குள்தான், அதற்குள் பேருந்திலிருந்து ரயிலுக்கு, ரயிலிலிருந்து பேருந்துக்கு என்று ஐந்து முறை வரை மாறலாம், இரண்டு மணி நேரத்துக்குள் முடித்தால் போதும். வார நாளில் காலை 7.45க்கு முன் ரயில் நிலையத்தில் அட்டையைத் தட்டினால் 50 காசு வரை கழிவும் உண்டு. தினமும் இரண்டு வேளை போகும் பிள்ளைக்கு மாதச் சலுகை அட்டை லாபமா என்று ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள். மினி பஸ்ஸுக்குக் கொடுப்பதில் ஒரு சிறு பங்குதான் ஆகும்.

மாலைச் சிக்கலும் இங்கே இல்லை. இணைப்பாட நடவடிக்கை ஆறு மணிக்கு முடிந்தாலும் சரி, மழையால் மூன்று மணிக்கே ரத்தானாலும் சரி, பேருந்து யாருக்காகவும் காத்திருப்பதில்லை, யாரையும் காக்க வைப்பதும் இல்லை.

குறை காலையில்தான். தெங்காவிலிருந்து புக்கிட் பாத்தோக்குக்கு ஒரு பேருந்து, அங்கிருந்து ரயில், அப்புறம் இன்னொரு பேருந்து என்றால் ஒவ்வொரு மாற்றமும் தாமதத்துக்கு ஒரு வாசல். முதல் பேருந்தில் ஐந்து நிமிடம் போனால் கடைசியில் பதினைந்தாக வளர்ந்து நிற்கும். என் கணக்கு இதுதான்: ஒரு மாற்றம் வரை பொதுப் போக்குவரத்தை யோசிக்காமல் எடுக்கலாம். இரண்டு மாற்றம் என்றால் பிள்ளையின் சுபாவத்தைப் பார்க்க வேண்டும். மூன்று என்றால் காலைக்கு வேறு ஏற்பாடு தேடுங்கள். பள்ளிகள் 7.30க்கு முன் தொடங்கக்கூடாது என்பது ஓரளவு ஆறுதல். பல பள்ளிகள் அதற்கும் சற்றுப் பின்னால்தான் தொடங்குகின்றன. அந்தக் கால் மணி நேரம் பேருந்தில் வரும் பிள்ளைக்குப் பெரிய வரம். பள்ளி தேடும்போது மதிப்பெண் எல்லையோடு தொடங்கும் நேரத்தையும் பாருங்கள்.

நிலப் போக்குவரத்து ஆணையம் பேருந்து இணைப்புகளை மேம்படுத்த எட்டு ஆண்டுகளில் 900 மில்லியன் வெள்ளி வரை செலவிடப்போவதாக 2024இல் அறிவித்தது. புதிய பேட்டைகளுக்கு முன்பைவிடச் சீக்கிரமே பேருந்து வருகிறது, உண்மைதான். ஆனாலும் அடுத்த ஜனவரியில் பள்ளி செல்லும் பிள்ளைக்கு இன்று ஓடும் பேருந்தை வைத்துத்தான் முடிவெடுக்க முடியும்.

காரில் கூட்டிப்போவது

இரண்டு மூன்று குடும்பங்கள் முறை வைத்துப் பிள்ளைகளைக் கூட்டிப்போவது நம்மவர்களிடையே சகஜம். "நீங்க காலையில விட்டுடுங்க அண்ணா, சாயங்காலம் நான் பாத்துக்கறேன்" என்று ஒரே வரியில் முடிந்துவிடும் ஏற்பாடு. பணம் கைமாறாதவரை கேள்வியே இல்லை.

பணம் பேசினால் விதி உண்டு. 2015இல் வந்த விலக்கு ஆணைப்படி, காரைப் பகிரும் தனியார் ஓட்டுநர் ஒரு நாளில் இரண்டு பயணம் மட்டுமே அப்படிச் செய்யலாம். வாங்கும் தொகை அந்தப் பயணத்தின் செலவுக்கு மேல் போகக்கூடாது. சாலையோரத்தில் நின்று ஆள் பிடிக்கவும் கூடாது. பெட்ரோல் காசைப் பங்கிடுவது சரி. ஆனால் ஏதோ ஒரு அங்கிள் தன் ஏழு இருக்கைக் காரில் மாதச் சந்தா வாங்கி ஆறு பிள்ளைகளை ஏற்றிப்போகிறார் என்றால் அது கார்ப் பகிர்வு அல்ல. உரிமம் இல்லாத வாடகைச் சேவை. மினி பஸ்ஸைவிட மலிவாக இருக்கும், ஓட்டுபவரும் நல்லவராக இருப்பார், சரி. விபத்து நடந்தால் காப்புறுதி நிறுவனம் கேட்கும் முதல் கேள்வியிலேயே எல்லாம் கவிழ்ந்துவிடும். இந்த ஒன்றைத் தயங்காமல் வேண்டாம் என்பேன்.

தம்பி தங்கையையும் அதே காரில் ஏற்றுவதாக இருந்தால் 1.35 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள பிள்ளைக்கு உயரம் கூட்டும் இருக்கை (பூஸ்டர்) கட்டாயம். டாக்சிக்கு இதில் விலக்கு உண்டு, செயலியில் அழைக்கும் தனியார் வாடகைக் காருக்கு இல்லை. அந்த வாடகைக் கார் தினசரி ஏற்பாடாகவும் உதவாது. மழை பெய்யும் காலையில்தான் நமக்கு அது தேவைப்படும், அன்றைக்குத்தான் கட்டணமும் ஏறி நிற்கும். தேர்வு நாளில் பேருந்து தவறிப்போனால் ஓடி ஏறுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

தமிழ் படிக்கும் பிள்ளைக்குக் கணக்கு மாறும்

மற்ற பெற்றோருடன் சேர்ந்து மினி பஸ் பேசும் தமிழ்க் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது இதுதான். எல்லா உயர்நிலைப் பள்ளிகளிலும் தமிழ் இல்லை. இல்லாத பள்ளியில் சேர்ந்த பிள்ளை, பள்ளி முடிந்ததும் தமிழ் நிலையமாக இயங்கும் வேறொரு பள்ளிக்கோ, பீட்டி சாலையிலுள்ள உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்துக்கோ போக வேண்டும். மற்ற பிள்ளைகளுக்கு வீடு, பள்ளி என்று இரண்டு புள்ளி. நம் பிள்ளைக்கு மூன்று. மினி பஸ்காரரின் பாதையில் அந்த மூன்றாவது புள்ளி ஒருநாளும் வராது.

தமிழுக்காகத் தூரம் போவது நமக்குப் புதிதல்ல. 1982இல் மூடப்படும் வரை தீவு முழுவதற்கும் தமிழ்வழி உயர்நிலைக் கல்விக்கு உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி ஒன்றே இருந்தது. வடக்கே செம்பவாங்கில் இருந்தாலும் மேக்ஸ்வெல் சாலைக்குத்தான் வர வேண்டும், அதுவும் எம்ஆர்டி ரயில் இல்லாத காலத்தில்.

இன்று பீட்டி சாலைக்கு ஃபேரர் பார்க் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். பள்ளி புக்கிட் பாஞ்சாங் பக்கம் என்றால் டவுன்டவுன் பாதையில் நேராகத் தேக்கா (லிட்டில் இந்தியா நிலையம்) வந்து, வடகிழக்குப் பாதையில் ஒரே ஒரு நிலையம். பள்ளி புக்கிட் பாத்தோக் பக்கம் என்றால் ஜூரோங் ஈஸ்ட்டில் ஒரு மாற்றம், ஊட்ரம் பார்க்கில் இன்னொன்று. வரைபடத்தில் இரண்டு பள்ளிகளும் தெங்காவுக்கு ஏறக்குறைய ஒரே தூரம். தமிழ் வகுப்பு நாளில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். வகுப்பு முடிந்து வீடு திரும்பும்போது விளக்கு வைத்திருப்பார்கள்.

மதிப்பெண் கொஞ்சம் இடம் கொடுத்தால், தன் வளாகத்திலேயே தமிழ் சொல்லிக்கொடுக்கும் பள்ளியை விருப்ப வரிசையில் ஒரு படி மேலே எழுதுவதுதான் என் தேர்வு. வாரத்தில் சில மாலைகள் பிள்ளைக்கு மிச்சமாகும். சோர்ந்து போய் உட்காராத பிள்ளைக்குத் தமிழ் மேல் வெறுப்பும் வராது. அப்படிப்பட்ட பள்ளி கிடைக்கவில்லை என்றால், தொடக்கத்திலிருந்தே பொதுப் போக்குவரத்துக்குப் பழக்குவது நல்லது. காலையில் மினி பஸ், மதியம் தனியே ஃபேரர் பார்க் என்று பிரித்து வைத்தால், தனியாகப் போகும் பழக்கம் வருவதற்குள் மிகக் கடினமான பயணம் முதலில் வந்து நிற்கும்.

ஒன்று மட்டும் செய்யுங்கள்: விருப்பப் பள்ளிகளை எழுதும் முன்பே பாதையைப் பிள்ளையோடு போய்ப் பாருங்கள். டிசம்பரில் போனால் பேருந்து காலியாக இருக்கும், ஒன்றும் தெரியாது. அக்டோபர் நடுவில் பிஎஸ்எல்இ விடைத்தாள் திருத்தும் நாட்களில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்பு இல்லை, உயர்நிலைப் பிள்ளைகள் வழக்கம்போல் பள்ளிக்குப் போவார்கள். அதில் ஒரு நாள் காலை ஆறேகாலுக்குக் கிளம்புங்கள், பாடப் புத்தகங்களை அடைத்த பையோடு.