ஹெர்மிடாஜ் தங்க அறை: சிதியர் விலங்குகளுக்காகவே போகலாம்

செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் தங்க அறைக்குத் தனி டிக்கெட், வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள். காசு தாராளமாகக் கொடுக்கலாம். 1897-இல் கோஸ்ட்ரோம்ஸ்காயா புதைமேட்டில் கிடைத்த, சிதியர்களின் (பழங்காலப் புல்வெளி நாடோடி மக்கள்) தங்க மான் ஒன்று போதும்: கால்களை மடக்கி, கழுத்தை நீட்டி, கொம்பு முதுகு நெடுக சுருள் சுருளாக ஓட, மரத்தில் செதுக்கியது மாதிரி உடம்பில் கூர்மையான விளிம்புகள், ஒளி பட்டால் அப்படியே உயிர் வந்துவிடுகிறது. அப்புறம் கெலர்மெஸ் புதைமேட்டில் கிடைத்த தங்கச் சிறுத்தை. பாதங்களை உற்றுப் பாருங்கள், ஒவ்வொன்றும் சுருண்டு படுத்த குட்டிச் சிறுத்தை, வாலிலும் அதே வரிசை! 2,500 ஆண்டுகளுக்கு மேல் பழையவை. கிரேக்கக் கைவண்ண நகைகளும் அழகுதான், ஆனால் என் ஓட்டு இந்த இரண்டுக்கும்தான்.