மடிக்கணினிக்குக் கைப்பேசி இணையம்: ஹாட்ஸ்பாட்டா, கேபிளா, புளூடூத்தா?

மின்சாரம் போனதும் வீட்டு ரவுட்டர் அணைந்துவிடுகிறது. மடிக்கணினியில் பேட்டரி இருக்கிறது, கைப்பேசியில் 4ஜி இருக்கிறது. உடனே பெரும்பாலானோர் கை ஹாட்ஸ்பாட் பொத்தானுக்குத்தான் போகிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் அதே பக்கத்தில் ‘யுஎஸ்பி டெதரிங்’ (கைப்பேசி இணையத்தைக் கேபிள் வழியாக மடிக்கணினிக்குத் தருவது) என்று ஒரு வரி மங்கலாகத் தெரியும். கேபிளைச் செருகும்வரை அது அப்படித்தான் இருக்கும். பலர் பழுது என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். ஒரே ஒரு மடிக்கணினியில் உட்கார்ந்து வேலை செய்கிறவர் முதலில் தொட வேண்டியது அந்த வரியைத்தான் என்பது என் உறுதியான கருத்து.

ஹாட்ஸ்பாட் போட்டால் கைப்பேசி ஒரே நேரத்தில் இரண்டு ரேடியோக்களை இயக்குகிறது: ஒன்று டவரோடு பேச, இன்னொன்று மடிக்கணினியோடு பேச. பேட்டரி கரைகிறது என்று கூடவே சார்ஜரையும் மாட்டினால், சூடு மேலும் ஏறுகிறது. சூடு ஓர் அளவைத் தாண்டியதும் கைப்பேசி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வீடியோ கூட்டம் பாதியில் இருக்கும்போது படம் உறைந்து நிற்பதற்கு, டவரைத் தவிர இந்தச் சூடும் ஒரு காரணம். கேபிளில் இரண்டாவது ரேடியோவுக்கு வேலையே இல்லை. மடிக்கணினியிலிருந்து மின்சாரமும் வருகிறது. சாதாரண யுஎஸ்பி 2.0 துளை 500 மில்லி ஆம்பியர்தான் தரும், அதாவது இரண்டரை வாட். கைப்பேசி மளமளவென்று நிரம்பாது, ஆனால் பேட்டரி இறங்கும் வேகம் வெகுவாகக் குறையும். மின்தடை நேரத்தில் அந்த மின்சாரமும் மடிக்கணினியின் பேட்டரியிலிருந்துதான் போகிறது என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். யுஎஸ்பி 2.0 கேபிளின் உச்ச வரம்பு 480 எம்பிபிஎஸ் (நொடிக்கு 480 மெகாபிட்). நம் ஊர் 4ஜி நடைமுறையில் தருவது அதற்கு மிகக் கீழே. ஹாட்ஸ்பாட்டின் நிலை வேறு. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே மூன்று: 1, 6, 11. அடுக்குமாடிக் குடியிருப்பில் மின்சாரம் போய் ஆளுக்கொரு ஹாட்ஸ்பாட் போட்டால், அத்தனை பேரும் அந்த மூன்றுக்குள்தான் முண்டியடிக்க வேண்டும். 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் நெரிசல் தீரும். ஆனால் அது சுவரைத் தாண்டத் திணறும், பழைய மடிக்கணினிகள் சிலவற்றில் ஹாட்ஸ்பாட்டின் பெயரே தென்படாது. ஐபோன் 12 முதல் வந்த மாடல்களில், ஹாட்ஸ்பாட் பக்கத்திலுள்ள ‘மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி’யை இயக்கினால் 2.4க்கு இறங்கி வரும். பெயர் தெரியவில்லையே என்று தவிப்பவர்கள் முதலில் அங்கே பார்க்கலாம்.

கேபிளுக்கும் தொல்லைகள் உண்டு. மலிவான கேபிள்கள் சிலவற்றில் மின்சாரம் போகும் கம்பிகள் மட்டுமே இருக்கும், தரவுக் கம்பிகள் இருக்காது. சார்ஜ் ஏறும், டெதரிங் வரி மட்டும் மங்கலாகவே நிற்கும். கேபிளை மாற்றிப் பார்க்காமல் கைப்பேசியைக் குறை சொல்லிப் பயனில்லை. விண்டோஸ் கணினியில் ஐபோனைச் செருக ஆப்பிளின் மென்பொருள் வேண்டும். ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவும் மேக் கணினியோடு கேபிள் வழியாக ஒத்துப்போவதில்லை. அங்கே ஹாட்ஸ்பாட்தான் கதி.

ஹாட்ஸ்பாட் உண்மையிலேயே ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு. உள்ளறையில் சிக்னல் இல்லை, ஜன்னலோரத்தில் நன்றாகக் கிடைக்கிறது என்றால், கைப்பேசியை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு மேசையில் வேலை பார்க்கலாம். ஒரு மீட்டர் கேபிளால் இது முடியாது. பிள்ளையின் டேப்லெட்டுக்கும் சேர்த்து இணையம் வேண்டும் என்றாலும் இதுவே வழி. கடவுச்சொல் இல்லாமல் மட்டும் திறந்து வைக்காதீர்கள்.

புளூடூத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஏட்டளவில் அதிகபட்சம் 3 எம்பிபிஎஸ், கையில் கிடைப்பது அதைவிடக் குறைவு. கேபிளும் இல்லை, கைப்பேசியில் பேட்டரியும் தீரப்போகிறது, இரண்டு மின்னஞ்சல் அனுப்பியாக வேண்டும் என்றால் கைகொடுக்கும். வீடியோ கூட்டத்துக்கு ஆகாது.

கேபிளைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. விண்டோஸ் அந்த இணைப்பைப் பெரும்பாலும் ‘ஈதர்நெட்’ என்றே காட்டும். அதாவது, வீட்டு பிராட்பேண்ட் போல அளவில்லாமல் கிடைக்கிறது என்று எண்ணிக்கொண்டு, பின்னணியில் அப்டேட்டுகளை இறக்கத் தொடங்கிவிடும். நாளுக்கு 1.5 ஜிபி தரும் ப்ரீபெய்டு திட்டத்துக்கு இது தாங்காது. அளவு தீர்ந்ததும் பல திட்டங்களில் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு விழுந்துவிடும். அதில் ஓர் இணையப் பக்கம் திறப்பதே பெரும்பாடு. இணைத்த கையோடு நெட்வொர்க் அமைப்பில் அந்த ஈதர்நெட்டைத் திறந்து, ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’ என்பதை (இது அளவுள்ள இணைப்பு என்று விண்டோஸுக்குச் சொல்வது) இயக்குங்கள். ஹாட்ஸ்பாட்டுக்கும் இதே ஏற்பாடு உண்டு. மடிக்கணினியிலுள்ள கிளவுட் கோப்புறைகளின் ஒத்திசைவையும் கையோடு நிறுத்தி வையுங்கள்.