முதுகு வலிக்கு 'பேக்கேஜ்' கட்டிடாதீங்க: 48,500 ரூபாய் போச்சு

கட்டின பணத்தைத் திருப்பிக் கேட்டு அந்த முதுகு வலி கிளினிக்குக்கு நேற்று சாயங்காலம் மறுபடியும் போன் போட்டேன். "மேனேஜர் லீவுங்கண்ணா" என்றார்கள். போன வாரமும் லீவு, அதற்கு முந்தின வாரமும் லீவு. லீவு போடுவதற்கென்றே ஒரு மேனேஜரை வைத்திருப்பார்கள் போல. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வயது 43. காலை எட்டரைக்கு டேபிள் முன்னால் நின்றால் ஒன்றரை ஷிஃப்ட் முடியும்போது ராத்திரி எட்டரை. துணியை விரிப்பது, லே போடுவது (அடுக்கடுக்காகப் போடுவது), மெஷினைத் தள்ளுவது எல்லாமே குனிந்துதான். இரண்டு வருஷமாக இடுப்பு வலி. தைலம், மாத்திரை, பக்கத்து ஊர் வர்மக்காரர் எல்லாம் பார்த்தாயிற்று. அப்போதுதான் போனில் அந்த விளம்பரம் வந்தது: ஆபரேஷன் இல்லை, ஊசி இல்லை, மெஷினே சரிசெய்யும். கோயம்புத்தூரில், முதுகு வலிக்கென்றே பல கிளைகள் நடத்துகிற ஒரு கிளினிக். பெயரைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்கிறான் மச்சான். போனது போதும், போடவில்லை.

உள்ளே ஏசி, உட்கார்ந்ததும் காபி. வெள்ளைக் கோட் போட்ட ஒரு தம்பி வந்தார். எல்லோரும் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். என்ன படிப்பு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். ஸ்கேனைப் பார்த்துவிட்டு எல்4-எல்5, எல்5-எஸ்1 என்று இடுப்புக்கிட்ட இருக்கிற இரண்டு இடத்திலும் டிஸ்க் (எலும்புக்கு நடுவில் இருக்கும் மெத்தை) பிதுங்கியிருக்கிறது என்றார். மேஜையில் ஒரு பிளாஸ்டிக் முதுகெலும்பு இருந்தது. அதில் ஒரு இடத்தில் மட்டும் சிவப்பாக ஜெல்லி மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். என் விரலைப் பிடித்து அதன் மேல் வைத்து, "அமுக்கிப் பாருங்கண்ணா" என்றார். அமுக்கினேன். உள்ளே போனது, கையை எடுத்ததும் திரும்ப வெளியே வந்தது. வீட்டுக்காரிக்கு முகமே வெளுத்துவிட்டது. "இப்படியே விட்டா ஆறு மாசத்துல கால் விழுந்துரும். எங்கப்பாவுக்கும் இதே இடந்தான், இந்த மெஷின்லதான் எந்திரிச்சாரு" என்றார்.

அங்கேதான் விழுந்தேன். பெற்ற அப்பனை வைத்தா பொய் சொல்வான் என்று நினைத்தேன்.

இப்போது யோசித்தால், அவர் என் உடம்பில் தொட்டது அந்த ஒரு விரலைத்தான். படுக்க வைக்கவில்லை, காலைத் தூக்கச் சொல்லவில்லை, செருப்பைக்கூடக் கழற்றச் சொல்லவில்லை.

24 சிட்டிங், 45,000. கூடவே இடுப்பு பெல்ட் 3,500. "60,000 பேக்கேஜுங்க, இன்னைக்கே கட்டினாத்தான் இந்த ரேட்டு." வளையலை அடகு வைத்து 48,500 ரூபாய் கட்டினேன்.

மெஷின் என்பது வேறொன்றுமில்லை. நெஞ்சில் ஒரு பட்டை, இடுப்பில் ஒரு பட்டை கட்டிப் படுக்க வைப்பார்கள். கட்டிலின் கீழ்ப்பாதி நகர்ந்து இழுக்கும், விடும். இருபது நிமிஷம். அந்தக் காலத்திலேயே ஆஸ்பத்திரியில் எடை தொங்கவிட்டு இழுப்பார்களே, அதே ட்ராக்ஷன்தான், கம்ப்யூட்டர் வைத்தது. ஐந்தாவது சிட்டிங்கிலிருந்து வலி கெண்டைக்கால் வரை இறங்கியது. சொன்னால், "உடம்பு ஆறுறப்ப அப்படித்தாங்கண்ணா காட்டும்." ஏழாவதில் சொன்னால், "பெல்ட்டைக் கழட்டுனீங்களா?" தப்பு என் மேல் வந்துவிட்டது. ஒன்பதோடு நிறுத்தினேன்.

கடைசியில் அரசு மருத்துவமனைக்குப் போனேன். இரண்டு மணி நேரம் வரிசை, பத்து நிமிஷம் பரிசோதனை. ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தில் அங்கிருந்த டாக்டர் மல்லாக்கப் படுக்கவைத்து முட்டியை மடக்காமல் காலைத் தூக்கிப் பார்த்தார். முட்டியில் தட்டினார். குதிகாலில் நட, முன்பாதத்தில் நட என்றார். கால் கட்டைவிரலை அழுத்தி, எதிர்த்துத் தூக்கச் சொன்னார். காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா, ஒன்றுக்குப் போவதில் சிரமம் உண்டா என்று கேட்டார். ஸ்கேனைப் பார்த்தது கடைசியில்தான். "கால் விழாது, பயப்படாதே. தலை நரைக்கிற மாதிரி டிஸ்க்கும் வயசாகும்" என்றார். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் வந்த ஆய்வில், 40 வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு இப்படிப் பிதுக்கம் இருந்ததாம். அந்தத் தம்பி என்னை ஜெல்லியை அமுக்க வைத்துப் பயமுறுத்தினாரே, அதே பிதுக்கம்தான்.

வீட்டில் மகள் தேடி எடுத்துக் காட்டினாள். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்று சொன்னவற்றில் ட்ராக்ஷன் இருக்கிறது, இடுப்பு பெல்ட்டும் இருக்கிறது. 48,500 ரூபாய்க்கு நான் வாங்கியது சரியாக அந்த இரண்டையும்தான்! உடற்பயிற்சியைச் செய்யச் சொல்கிறது அது. அதை அரசு மருத்துவமனை பிசியோதெரபியில் காசு வாங்காமல் சொல்லிக்கொடுக்கிறார்கள். மூன்று வாரமாகச் செய்கிறேன். வலி போய்விடவில்லை, ஆனால் ராத்திரி தூக்கம் வருகிறது.

மீதி 15 சிட்டிங்குக்கு 28,125 ரூபாயாவது கொடுங்கள் என்று கேட்டேன். பில்லின் பின்பக்கம் பார்க்கச் சொன்னார்கள். பொடி எழுத்தில் 'பணம் திருப்பித் தரப்படாது'. ஹெட் ஆபீஸுக்கு மெயில் போடு என்றார்கள். போட்டேன், பதில் இல்லை. அப்புறம் ஒரு பெண் கூப்பிட்டு, "வேணும்னா உங்க சொந்தக்காரங்க யாருக்காச்சும் அந்த சிட்டிங்கை மாத்திக் குடுங்கண்ணா" என்கிறது. நான் ஏமாந்தது பத்தாதென்று என் சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு வர வேண்டுமாம்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. உடம்பைத் தொட்டுப் பார்க்காமல் ஸ்கேனை மட்டும் பார்த்து ரேட் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மொத்தப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டாதீர்கள், பில்லைத் திருப்பிப் பாருங்கள். முதுகு வலியோடு ஒன்றுக்கு அடைத்தாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, பாதம் தூக்க வராவிட்டாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், அது வேறு விஷயம். நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லியிருக்கிறேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாதாம். இதே மாதிரி இடத்தில் பணம் கட்டி மாட்டியவர்கள் இருந்தால் பில்லைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், சேர்ந்தே போகலாம். சூப்பர்வைசர் கூப்பிடுகிறார், லே போட ஆள் இல்லை. போகிறேன்.