பெயர் ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம்: லிப்ரே ஆபிஸோடு இத்தனை வருடம்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் தட்டச்சுக் கடை வைத்திருக்கிறேன். கல்யாண அழைப்பிதழ், துக்க அறிவிப்பு, ஆலயக் கணக்கு எல்லாம் 2011லிருந்து லிப்ரே ஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில்தான். மென்பொருளில் பெரிய குறை இல்லை. அதன் பெயர்தான் என்னைப் படாதபாடு படுத்துகிறது.

போன தைப்பூசத்துக்கு முன்னால், தண்ணீர்ப்பந்தல் குழுச் செயலாளர் அண்ணன் மடிக்கணினியோடு வந்தார். "தம்பி, நீ சொன்னதைத்தான் போட்டேன். டாக்எக்ஸாகச் சேமிக்கவே வரமாட்டேங்குது." திறந்தால் இரண்டு பறவைகள் பறக்கும் சின்னம். ஓபன் ஆபிஸ்! பெயரில் ஒத்த இன்னொரு மென்பொருள். அது டாக்எக்ஸ் கோப்பை, அதாவது மைக்ரோசாஃப்ட் வேர்டின் இப்போதைய கோப்பு வகையைத் திறக்கும், ஆனால் அப்படிச் சேமிக்காது. சேமிக்கும் பட்டியலில் பழைய டாக் வரைதான் இருக்கும். அச்சகமோ டாக்எக்ஸ்தான் வேண்டும் என்கிறது. அவருடைய ஓடிடி கோப்பை (படம் பார்க்கிற ஓடிடி இல்லை, ஓபன் ஆபிஸின் சொந்தக் கோப்பு வகை!) என் கணினியில் திறந்து மாற்றிக் கொடுத்தேன். இரண்டு நிமிட வேலை. "இதுக்கு லிப்ரே ஆபிஸ் போடணும்ணே" என்றேன். "லைப்ரரி ஆபிஸா?" என்றார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. 2000த்தில் சன் நிறுவனம் தன் ஸ்டார் ஆபிஸ் மென்பொருளின் மூலநிரலை எல்லாருக்கும் திறந்துவிட்டு, அது ஓபன் ஆபிஸ் ஆனபோதே பெயரில் சிக்கல்தான். அந்தப் பெயர் வேறு யாரிடமோ இருந்ததால் வாலில் 'டாட் ஓஆர்ஜி' ஒட்டவேண்டி வந்தது. 2010 ஜனவரியில் சன்னை ஆரக்கிள் வாங்கியது. அந்த செப்டம்பரில் நிரலாளர்களில் பலர் பிரிந்து டாக்குமெண்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பழைய பெயரைத் தந்துவிடுங்கள் என்று ஆரக்கிளைக் கேட்டுவிட்டு, அதுவரைக்கும் என்று லிப்ரே ஆபிஸ் பெயரை வைத்துக்கொண்டார்கள். ஆரக்கிள் 2011ல் ஓபன் ஆபிஸை அப்பாச்சி என்ற வேறொரு அமைப்புக்குக் கொடுத்தது. தற்காலிகப் பெயர் நிரந்தரமாகிவிட்டது.

விளைவு என்ன? ஊருக்குத் தெரிந்த பெயர் ஒரு வீட்டில், உழைக்கிற ஆட்கள் இன்னொரு வீட்டில். ஓபன் ஆபிஸ் 2014ல் 4.1க்கு வந்தது. அதற்கப்புறம் 4.1.1, 4.1.2 என்று கடைசி எண் மட்டுமே நகர்கிறது. லிப்ரே ஆபிஸோ 2017ல் 5.3 பதிப்பில் எழுத்துகளை அடுக்கும் பொறியையே மாற்றி, எல்லா இயங்குதளத்துக்கும் ஹார்ஃப்பஸ் என்று ஆக்கியது. என்னிடம் ஒரு லினக்ஸ், ஒரு விண்டோஸ் கணினி. முன்பெல்லாம் ஒன்றில் அடித்த தமிழ் அழைப்பிதழை மற்றதில் திறந்தால் வரி உடையும் இடமே மாறும், இரண்டு தடவை சரிபார்ப்பேன். இப்போது அந்தத் தொல்லை போயிற்று.

ஒரு வேடிக்கை. இரண்டில் எதை ஓடவிட்டாலும் டாஸ்க் மேனேஜரின் விவரப் பட்டியலில் தெரிவது 'எஸ்ஆபிஸ்'. ஸ்டார் ஆபிஸின் அந்த 'எஸ்' இன்னும் உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

இப்போதெல்லாம் வாடிக்கையாளரிடம் நான் பெயரே சொல்வதில்லை. பென்டிரைவில் கொடுத்து, நானே போட்டும் விடுகிறேன். அண்ணன் அடுத்த முறை வந்தபோது பார்த்தேன், திரையில் இருக்கும் சின்னத்தின் பெயரைத் தமிழில் மாற்றி வைத்திருந்தார்: 'தம்பி ஆபிஸ்'.