ஃபியூச்சர் பாய் கோனன் ப்ளூரே: மியாசாகி இயக்குநரானது இங்கேதான்

ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் ஹயாவோ மியாசாகியின் படங்களைப் பார்த்து முடித்துவிட்டேன், அடுத்து என்ன வாங்கலாம் என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் இந்தத் தொகுப்பைத்தான் சொல்வேன். 1978இல் ஜப்பானின் என்எச்கே தொலைக்காட்சியில் வந்த 26 பகுதி அனிமேஷன் தொடர், இப்போது 4கே-யில் புதுப்பித்து அமெரிக்க நிறுவனமான ஜிகிட்ஸ் வெளியிட்டிருக்கிறது. மியாசாகியின் ஸ்டுடியோவான ஜிப்லி தொடங்கியது 1985இல், அதற்கு ஏழு வருஷம் முந்தைய வேலை இது.

அதுவரை அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று தெரிந்தால் இந்தத் தொடரின் அருமை புரியும். 1963இல் தோயேய் ஸ்டுடியோவில் இன்-பிட்வீனராகச் சேர்ந்தார், மூத்தவர்கள் வரைந்த முக்கிய அசைவுகளுக்கு நடுவே வரும் படங்களை வரைந்து நிரப்பும் வேலை. அப்புறம் இயக்குநர் இசாவோ தகாஹாதாவோடு கூட்டு. 1974இல் வந்த ஹைடி தொடரில் 52 பகுதிக்கும் லேஅவுட் இவர் கை, அதாவது ஒவ்வொரு ஷாட்டிலும் ஆள் எங்கே நிற்கிறார், மலை எவ்வளவு தூரத்தில் தெரிகிறது, எல்லாம் இவர் வரைந்து கொடுத்தது, ஆனால் இயக்கம் தகாஹாதா. இடையில் லூபன் என்ற திருடனைப் பற்றிய ஒரு தொடரை இருவருமாகச் சேர்ந்து இயக்கியதுண்டு, என்றாலும் ஒரு தொடருக்குத் தலைமை இயக்குநராக இவர் பெயர் வந்தது கோனனில்தான், 37 வயதில்.

அந்தப் பதினைந்து வருஷப் பயிற்சி திரையில் அப்படியே தெரிகிறது. தோழி லானாவைத் தூக்கிக்கொண்டு நாயகன் கோனன் முக்கோணக் கோபுரத்திலிருந்து குதிக்கிற காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். காலில் விழுந்த அடி உள்ளங்காலில் தொடங்கி உடம்பெல்லாம் ஏறி முடி வரைக்கும் சிலிர்க்கிறது, ஒரு கணம் அசையாமல் நிற்கிறான், பிறகுதான் நகர்கிறான். நடக்கவே முடியாத ஒன்றை நாம் நம்புகிறோம், ஏனென்றால் வலி நிஜமாக இருக்கிறது. தோயேயில் மியாசாகிக்கு மூத்தவரான யாசுவோ ஒட்சுகாதான் இதில் அனிமேஷன் இயக்குநர். கால்விரல்களால் விளிம்பைப் பற்றிக்கொண்டு கோனன் தொங்குவதெல்லாம் அந்த இரண்டு பேரும் ரசித்து ரசித்துச் செய்த வேலை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஹை ஹார்பர் கிராமத்துப் பகுதிகள் கொஞ்சம் இழுக்கும், அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் மொன்ஸ்லி! எதிரியாக அறிமுகமாகிற அந்தப் பெண் அதிகாரி கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதைப் பார்க்கவே முழுத் தொடரையும் பார்க்கலாம், பின்னாளில் மியாசாகி படங்களில் முழுக் கெட்டவர் என்று யாரையும் எளிதில் காட்ட முடியாமல் போனதற்கு விதை அங்கேதான் இருக்கிறது.

படம் பழைய 4:3 அளவில்தான் இருக்கும், திரையின் இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், அதுதான் சரி. ஆங்கில டப்பிங் உண்டு, இருந்தாலும் ஜப்பானிய ஒலியில் சப்டைட்டிலோடு பாருங்கள். வட அமெரிக்காவுக்காக வெளியிட்ட டிஸ்க் என்பதால் உங்கள் பிளேயர் அந்த மண்டலத்து டிஸ்கை எடுக்குமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு பகுதிகளோடு நிறுத்திவிட வேண்டாம், கோனனின் நண்பன் ஜிம்சி மூன்றாவது பகுதியில்தான் வருகிறான், அவன் வந்த பிறகு தொடரே வேறு.